படித்ததை யாரிடம் சொல்லப் போகிறீர்கள்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். ஆண்டுக்கு 50 புத்தகம் என்று திட்டம் போட்டீர்கள். ஐந்தாவது மாதம் 11 புத்தகங்களோடு நின்றுவிட்டது. படித்தவற்றிலும் பாதி நினைவில் இல்லை. மதிப்புரை எழுத உட்கார்ந்தால் கதைச்சுருக்கத்தைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. நண்பர்களோடு தொடங்கிய கூட்டு வாசிப்பு மூன்றாவது கூட்டத்தோடு கலைந்துபோனது. 400 பக்க நாவல் ஒன்று 140ஆம் பக்கத்தில் அப்படியே கிடக்கிறது. எங்கே தவறு என்று கேட்கிறீர்கள்.

எல்லாம் தனித்தனிச் சிக்கல்கள் போலத் தெரியும். எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. உங்கள் திட்டம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்புறம் அந்தப் புத்தகத்தை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள், யாரிடம் பேசப் போகிறீர்கள் என்பதற்குத் திட்டத்தில் இடமே இல்லை.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பொதுப்பாயிரத்தில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை மாணவர் எவ்வளவு நன்றாக உள்வாங்கினாலும் கால் பங்குதான் கைக்கு வரும். உடன் படிப்பவர்களோடு பழகும்போது இன்னொரு கால் பங்கு சேரும். மீதி அரைப் பங்கு, மற்றவர்களுக்கு எடுத்து உரைக்கும்போதுதான் வரும். பாடம் கேட்பதைப் பற்றிச் சொன்ன கணக்கு இது. ஆனால் புத்தகம் படிப்பதற்கும் இதைவிடச் சரியான கணக்கை நான் பார்த்ததில்லை. தனியாகப் படித்து மூடி வைத்தால் கால். நண்பர்களோடு பேசினால் அரை. மதிப்புரை எழுதியோ வாய்விட்டுச் சொல்லியோ இன்னொருவருக்குப் புரியவைத்தால்தான் முழுசு. நீங்கள் 11 புத்தகங்களிலும் கால் பங்கோடு நிறுத்தியிருக்கிறீர்கள்.

திட்டத்திலிருந்து தொடங்குகிறேன். 50 என்ற எண் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் வேறு யாரோ வைத்த இலக்கைப் பார்த்து வந்திருக்கும். உங்கள் நேரத்திலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். தினமும் அரை மணி நேரம் கிடைக்கிறது, ஆண்டில் 65 நாள் எப்படியும் தவறிப்போகும் என்று வைத்துக்கொண்டால் 300 நாள், 150 மணி நேரம். மணிக்கு 40 பக்கம் படிப்பவருக்கு அது 6,000 பக்கம். 300 பக்கப் புத்தகம் என்றால் 20. அதே வேகத்தில் 50 புத்தகம் வேண்டுமென்றால் தினமும் ஒன்றேகால் மணி நேரம் உட்கார வேண்டும். அது முடிகிறவர்கள் தாராளமாகச் செய்யலாம். முடியாதவர் தன்னைச் சோம்பேறி என்று நினைத்துக்கொள்ளத் தேவையில்லை. கணக்கே வேறு.

மணிக்கு 40 பக்கம் என்பதும் நான் உதாரணத்துக்குச் சொன்னதுதான். உங்கள் வேகத்தை நீங்களே அளக்க வேண்டும். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று சொல்லும் எண்களை நம்பித் திட்டம் போடாதீர்கள். மார்க் பிரைஸ்பேர்ட் என்ற ஆய்வாளர் 2019இல் 190 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, ஆங்கிலத்தில் மௌன வாசிப்பின் சராசரி கட்டுரை நூல்களுக்கு நிமிடத்துக்கு 238 சொல், புனைவுக்கு 260 சொல் என்று கண்டார். சொற்கள் நீளமாக இருந்தால் எண்ணிக்கை குறையும் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. தமிழில் 'வந்துகொண்டிருந்தவர்களுக்காக' என்பது ஒரே சொல். அந்த 238ஐ நம் மொழிக்கு எடுத்துக்கொண்டால் நமக்கு நாமே அநியாயம் செய்வதாகும். அதனால் பக்கத்தை அளவாக வையுங்கள். ஒரு நாவல், ஒரு வரலாற்று நூல், ஒரு கவிதைத் தொகுப்பு மூன்றையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் வழக்கம்போல் படித்து, எத்தனை பக்கம் நகர்ந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் மூன்று எண் வரும். திட்டத்தை அதன்மேல் கட்டலாம்.

எண்ணிக்கை இலக்கில் இன்னொரு தொல்லை உண்டு. நவம்பர் வந்ததும் கை தானாகவே மெல்லிய புத்தகங்களைத் தேடும். 900 பக்க நாவலை எடுக்கவே மனம் வராது. நானும் ஓர் ஆண்டு 62 புத்தகம் படித்தேன். பட்டியல் இன்னும் இருக்கிறது. அதில் ஏழெட்டுத் தலைப்புகளைப் பார்த்தால் ஒரு காட்சிகூட மனதில் எழவில்லை. அதற்குப் பிறகு நான் எண்ணிக்கையை விட்டுவிட்டு நேரத்தை எண்ண ஆரம்பித்தேன்.

இப்போது என் திட்டம் எளிமையானது. ஆண்டுக்கு நான்கு பொருள்கள் எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு பொருளிலும் மூன்று புத்தகம். உதாரணமாக, இடம்பெயர்வு என்று எடுத்தால் ஒரு நாவல், ஒரு வரலாற்று நூல், இடம்பெயர்ந்தவர் ஒருவரின் தன்வரலாறு. மூன்றையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது ஒன்றில் சொல்லாமல் விட்டது இன்னொன்றில் வந்து நிற்கும். நாவலாசிரியர் ஒரு பத்தியில் கடந்துபோன இடத்தில் வரலாற்றாசிரியர் நாற்பது பக்கம் நிற்பார். இந்த ஒப்பீடுதான் மதிப்புரைக்கு மூலதனம். ஆக 12 புத்தகம் திட்டத்தில். மீதி இடம் முழுக்கக் காலி. நண்பர் கொடுப்பது, நூலகத்தில் கண்ணில் படுவது, திடீரென்று ஆசைப்படுவது எல்லாம் அங்கே வரும். திட்டத்தில் காலி இடம் இல்லையென்றால் வாசிப்பு பாடத்திட்டம் ஆகிவிடும், ஆசை போய்விடும்.

மறுவாசிப்புக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். ஒரு முறை கேட்டவர் மறுபடியும் கேட்டால் பிழை பெரிதும் குறையும், மூன்றாம் முறை கேட்டால் முறையாக எடுத்துச் சொல்லவே முடியும் என்பதும் நன்னூலில்தான் இருக்கிறது. இரண்டாவது வாசிப்பில் கதை என்ன ஆகும் என்ற பதற்றம் இருக்காது. எழுத்தாளர் எந்த இடத்தில் எதை ஒளித்து வைத்தார் என்று தெரியும்.

அடுத்தது மறதி. இதற்காக உங்கள் நினைவாற்றலைக் குறைசொல்ல வேண்டாம். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1885இலேயே தன்னை வைத்துச் சோதித்து, கற்றதில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே நழுவிவிடுகிறது, பிறகுதான் நழுவும் வேகம் குறைகிறது என்று காட்டினார். அவர் பயன்படுத்தியவை பொருளற்ற அசைகள். கதை அவ்வளவு வேகமாகப் போகாது. ஆனாலும் முதல் நாள் முக்கியம். ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006இல் செய்த சோதனை எனக்கு இன்னும் உதவியாக இருக்கிறது. ஒரு பகுதியை மாணவர்களிடம் கொடுத்தார்கள். சிலர் அதை மறுபடி படித்தார்கள். சிலர் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, மறுபடி படித்தவர்களுக்கு 42.

பக்கம் பக்கமாக அடிக்கோடு போட்டு, அந்தக் கோடுகளையே திரும்பப் படிப்பது ஏன் உதவவில்லை என்று எனக்குப் புரிந்தது இதைப் படித்த பிறகுதான். இப்போது ஒவ்வொரு அமர்வும் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு நான்கு வரி எழுதுகிறேன். என்ன நடந்தது, எந்த இடத்தில் நின்றேன், எது உறுத்துகிறது, யாரிடம் இதைச் சொல்லலாம். அந்த நான்காவது வரியை விட்டுவிடாதீர்கள். ஒரு பெயரை எழுதிவிட்டால் மறுநாள் படிக்கும்போது அந்த ஆளின் காதுகளும் கூடவே வரும்.

சரி, மதிப்புரை. கதைச்சுருக்கம் மட்டுமே வருகிறது என்றீர்கள். காரணம், எழுதும்போது புத்தகம் உங்கள் முன்னால் திறந்திருக்கிறது. பக்கத்தைப் புரட்டப் புரட்ட, நடந்ததை வரிசையாகச் சொல்லத்தான் தோன்றும். முடித்த மறுநாள், புத்தகத்தை வேறு அறையில் வைத்துவிட்டு, நினைவிலிருந்து ஒரு பக்கம் எழுதுங்கள். மனதில் தங்கிய மூன்று நான்கு இடங்கள்தான் வரும். அவைதான் உங்கள் மதிப்புரை. அப்புறம் புத்தகத்தைத் திறந்து பெயர், மேற்கோள், பக்க எண் சரிபார்க்கலாம். சில சமயம் நாம் நினைவில் வைத்திருந்த காட்சி புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கும். அந்த வித்தியாசமே எழுத வேண்டிய விஷயமாகிவிடும்.

கதையை எவ்வளவு சொல்லலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் எல்லை, முதல் கால்பகுதி. அதற்குள் வாசகருக்குத் தெரியவருவதைச் சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல வேண்டுமானால் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக் 1975இல் வெளிவந்த தன் கட்டுரைத் தொகுப்பில் மதிப்புரையாளருக்குச் சில விதிகள் வைத்தார். எழுத்தாளர் என்ன செய்ய நினைத்தார் என்று முதலில் புரிந்துகொள், அவர் முயற்சி செய்யாத ஒன்றைச் செய்யவில்லை என்று குறை சொல்லாதே என்பது அவற்றில் முதலாவது. நம்மிடம் அதிகம் மீறப்படுவதும் இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு தாயின் ஒரே நாளைச் சொல்லும் சிறு நாவலைப் பார்த்து "சமூகப் பின்புலம் விரிவாக இல்லை" என்று எழுதுகிறோம். அந்த நாவல் ஒரு நாளுக்குள் ஒரு மனத்தைக் காட்டப் புறப்பட்டது. அதில் வென்றதா, எங்கே தளர்ந்தது என்று கேட்பதுதான் நியாயம்.

பிறகு சொற்கள். 'அருமை', 'அற்புதம்', 'விறுவிறுப்பு', 'கீழே வைக்க முடியவில்லை'. இவற்றில் தவறில்லை, ஆனால் எந்தப் புத்தகத்துக்கும் ஒட்டும். ஒரு பயிற்சி சொல்கிறேன். "பாத்திரப் படைப்பு அருமை" என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிட்டு, அந்த எண்ணம் எந்தப் பக்கத்தில் வந்தது என்று தேடுங்கள். ஒருவேளை அப்பா இறந்த வீட்டில் மகன் அழாமல் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் இடமாக இருக்கலாம். "துக்கத்தை ஒரு வார்த்தையிலும் சொல்லாமல், அப்பா தினமும் செய்த வேலையை மகன் கையில் கொடுத்துவிடுகிறார் ஆசிரியர்" என்று எழுதுங்கள். இப்போது படிப்பவருக்கு அந்தப் புத்தகம் தெரிகிறது. குறை சொல்லும்போதும் இதே ஒழுக்கம் வேண்டும். "நடை தொய்வு" என்றால் எந்த அத்தியாயத்தில், எதனால்? ஒரு பத்தியை எடுத்துக் காட்டுங்கள். ஆசிரியரின் சொந்த வரிகள் நான்கைந்தாவது இல்லாத மதிப்புரையை நான் முழுமையானதாக எண்ணுவதில்லை. வாசகர் நம்மை நம்ப வேண்டியதில்லை, அந்த வரிகளைப் படித்துத் தானே முடிவெடுக்கட்டும்.

கட்டுரை நூல் என்றால் ஆசிரியரின் வாதத்தை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் இன்னும் எழுதும் நேரம் வரவில்லை. சிறுகதைத் தொகுப்பில் எல்லாக் கதைகளுக்கும் இரண்டிரண்டு வரி எழுத வேண்டாம். இரண்டு கதைகளை எடுத்து ஆழமாகப் பேசினால் போதும். மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயரைச் சொல்லாமல் விடாதீர்கள். நாம் படித்த ஒவ்வொரு சொல்லும் அவர் தேர்ந்தெடுத்தது.

நட்சத்திர மதிப்பீடு பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு: உங்கள் குறிப்பேட்டில் வைத்துக்கொள்ளுங்கள், மதிப்புரையில் வேண்டாம். எண்ணைப் பார்த்ததும் வாசகர் உங்கள் பத்திகளைப் படிப்பதை நிறுத்திவிடுவார். நெருங்கிய நண்பரின் புத்தகம் என்றால் அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள், அல்லது எழுதாமல் விடுங்கள்.

கடைசியாக, இந்தப் புத்தகம் யாருக்கு? எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. நூலகத்துக்கு எழுதிய விதி என்றாலும், மதிப்புரை எழுதுகிற ஒவ்வொருவருக்கும் அந்த மூன்றாவது விதி சொந்தம். எனக்குப் பிடிக்காத புத்தகத்துக்கும் எங்கோ ஒரு வாசகர் இருக்கிறார். அவர் தன் புத்தகத்தை அடையாளம் கண்டுகொள்ளும்படி என் மதிப்புரை இருக்க வேண்டும். நான் குறை சொன்ன காரணத்தைப் படித்தே ஒருவர் அந்தப் புத்தகத்தைத் தேடிப் போயிருக்கிறார். அன்றைக்கு எனக்கு வந்த மகிழ்ச்சி பெரிது.

கூட்டு வாசிப்பு மூன்றாவது கூட்டத்தில் ஏன் கலைகிறது என்றால், பெரும்பாலும் முதல் கூட்டத்தில் செய்த முடிவுகளால். எங்கள் பழைய குழுவும் அப்படித்தான் போனது. பதினாறு பேர், வாட்ஸ்அப் வாக்கெடுப்பு, மாதம் ஒரு முழுப் புத்தகம். வாக்கெடுப்பில் ஜெயித்தது யாருக்கும் வெறுப்பில்லாத புத்தகம். யாருக்கும் தவிப்பும் இல்லாத புத்தகம். முதல் மாதம் பதினான்கு பேர் முடித்தார்கள், இரண்டாவது மாதம் ஏழு, மூன்றாவது மாதம் முடிக்காதவர்கள் வெட்கப்பட்டு வரவே இல்லை. வந்தவர்களில் ஒருவரே முக்கால் மணி நேரம் பேசினார்.

இரண்டாவது குழு ஆறு பேரோடு தொடங்கியது. ஆறாவது ஆண்டு நடக்கிறது. அதில் மாற்றியவை இவைதான். வாக்கெடுப்பு இல்லை, முறைவைத்து ஒருவர் தேர்ந்தெடுப்பார், அவர் தேர்ந்தெடுத்தது எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் மற்றவர்கள் படிப்பார்கள். மாதம் ஒரு புத்தகம் இல்லை. வாரம் 60 பக்கம், அதற்குத் தகுந்தபடி புத்தகம் ஐந்து வாரமோ எட்டு வாரமோ ஓடட்டும். முடிக்காதவரும் வரலாம், ஆனால் அவருக்காக முடிவை மறைத்துப் பேச மாட்டோம். கூட்டம் கருத்தோடு தொடங்காது. ஒவ்வொருவரும் தன்னை நிறுத்திய ஒரு பத்தியை வாய்விட்டுப் படிப்பார், ஏன் என்று சொல்ல மாட்டார். எல்லோரும் படித்த பிறகுதான் பேச்சு. இந்த ஒரு பழக்கம் எங்கள் கூட்டத்தையே மாற்றிவிட்டது. அதிகம் பேசுபவரும் பேசத் தயங்குபவரும் ஒரே அளவு நேரத்தோடு தொடங்குகிறார்கள். ஆறு பேரில் இருவர் ஒரே பத்தியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அன்றைய பேச்சு அங்கிருந்து எழும்பும்.

தேர்ந்தெடுத்தவர் மூன்று கேள்விகளோடு வர வேண்டும் என்றும் வைத்திருக்கிறோம். "பிடித்ததா?" என்பது கேள்வி ஆகாது. "இந்தப் பாத்திரம் அந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் இருந்திருந்தால் மீதிக் கதை தேவைப்பட்டிருக்குமா?" என்பது கேள்வி.

பேச்சே வேண்டாம், கூட உட்கார்ந்து படித்தால் போதும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு தோழியர் தொடங்கிய மௌன வாசிப்புச் சந்திப்பு இப்போது பல நாடுகளில் நடக்கிறது. அவரவர் புத்தகம், ஒரு மணி நேர அமைதி, விரும்பினால் கடைசியில் பேச்சு. பெரிய அளவில் செய்ய நினைப்பவர்களுக்கு சியாட்டில் நகரம் முன்னோடி. 1998இல் அங்கே நான்சி பேர்ல் என்ற நூலகர், ஊரே ஒரே புத்தகத்தைப் படிக்கும் திட்டத்தைத் தொடங்கினார்.

இரண்டே பேர் என்றால் எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று உண்டு. ஒரே பிரதி, இரண்டு நிறப் பென்சில். முதலில் படிப்பவர் ஓரங்களில் குறிப்பு எழுதித் தருவார். அடுத்தவர் கதையோடு சேர்த்து அந்தக் குறிப்புகளையும் படித்து, பதில் எழுதி, திருப்பித் தருவார். என் அலமாரியில் அப்படி நான்கு புத்தகங்கள் இருக்கின்றன. வீட்டில் தீப்பிடித்தால் முதலில் எடுப்பது அவற்றைத்தான்.

அந்த 140ஆம் பக்கத்து நாவலுக்கு வருவோம். நான்சி பேர்லே இதற்கும் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார்: 50 பக்கம் வாய்ப்புக் கொடு, பிடிக்கவில்லை என்றால் விடு, வயது ஐம்பதைத் தாண்டியிருந்தால் நூறிலிருந்து வயதைக் கழித்து வருகிற பக்கம் போதும். அறுபது வயதுக்காரருக்கு 40 பக்கம். நீங்கள் 140 வரை வந்திருக்கிறீர்கள் என்றால் ஏதோ பிடித்துத்தான் வந்திருக்கிறீர்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டாம். இதுவரை நடந்ததைப் பார்க்காமல் அரைப் பக்கம் எழுதுங்கள். பிறகு 125இலிருந்து 140 வரை மறுபடி படித்துவிட்டு, மேலே 30 பக்கம் போங்கள். இழுத்துக்கொண்டால் சரி. இழுக்கவில்லை என்றால், கலைந்துபோன அந்தக் குழுவில் உங்களுக்கு மிகவும் நெருக்கமானவரைக் கூப்பிட்டு, 170ஆம் பக்கத்தில் ஏன் நிறுத்தினேன் என்று பத்து நிமிடம் சொல்லுங்கள். அவர் அந்த நாவலை முடித்தவராக இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் புதிய குழுவில் இரண்டு பேர் சேர்ந்தாயிற்று.